தபால்காரர் கட்டிய அரண்மனை தெரியுமா?

கால் இடறியதால் ஓர் அரண்மனையே எழுந்தது, தெரியுமா? கட்டுக்கதை இல்லை. தென்கிழக்கு பிரான்சில் ஓத்ரீவ் என்ற கிராமத்தில் இன்றும் நிற்கிறது.

கட்டியவர் ஃபெர்தினான் ஷெவால். தினமும் முப்பது கிலோமீட்டர் அளவுக்கு நடந்தே கடிதம் கொடுத்த தபால்காரர். 1879இல், அவருடைய 43ஆவது வயதில், வழியில் ஒரு கல் தடுக்கியது. குனிந்து பார்த்தால் அப்படியொரு விசித்திர வடிவம்! எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் அதே இடத்துக்குப் போனார். அதைவிட அழகான கற்கள் கிடந்தன. சட்டைப்பை போதவில்லை, கூடை எடுத்தார். கூடை போதவில்லை, தள்ளுவண்டி எடுத்தார். பகலெல்லாம் தபால், ராத்திரியெல்லாம் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் சுண்ணாம்பும் சிமென்டும். மொத்தம் 33 ஆண்டுகள்! 1912இல் வேலை முடிந்தபோது குகை, கோபுரம், படிக்கட்டு, ராட்சத உருவங்கள் என்று 26 மீட்டர் நீளத்துக்கு அரண்மனை நின்றது. இத்தனைக்கும் அவர் கட்டடக் கலை படித்தவர் இல்லை, கொத்தனாரும் இல்லை.

அதன் ஒரு பக்கச் சுவரில் என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு இந்துக் கோயில்! பக்கத்திலேயே மசூதி, சுவிட்சர்லாந்து மரவீடு, பழங்காலக் கோட்டை. தான் சுமந்துபோன அஞ்சலட்டைகளிலும் படப் பத்திரிகைகளிலும் பார்த்த உலகத்தையெல்லாம் அந்த மனிதர் கல்லில் ஏற்றிவிட்டார். 10,000 நாள், 93,000 மணி நேரம் என்று உழைத்த கணக்கையும் சுவரிலேயே பொறித்தார். செத்தால் இதற்குள்தான் புதைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். சட்டம் இடம் கொடுக்கவில்லை. விட்டாரா? எண்பதை நெருங்கும் வயதில் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், தன் சமாதியை எட்டு ஆண்டுகள் தானே கட்டினார். 1924இல் அதில்தான் அடக்கமானார். 1969இல் பிரெஞ்சு அரசு அந்த அரண்மனையைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவித்தது.

இதே 33 ஆண்டுகள் இன்னொருவர் வாழ்க்கையிலும் வருகிறது! இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன கட்டடத் தொழிலாளி சைமன் ரோடியா. லாஸ் ஏஞ்சலீஸின் வாட்ஸ் பகுதியில், தன் வீட்டு மனையில், 1921இல் கோபுரம் கட்டத் தொடங்கினார். சாரம் கிடையாது. வெல்டிங் கிடையாது. ஒரு போல்ட்கூடக் கிடையாது. பக்கத்து ரயில் தண்டவாளத்தில் கம்பியைக் கொடுத்து வளைப்பார். கம்பிவலை சுற்றி, சிமென்ட் பூசி, ஈரம் காயும் முன் உடைந்த பாட்டில், சிப்பி, ஓடு, பீங்கான் துண்டுகளைப் பதிப்பார். இடுப்பில் ஒரு வாரைக் கட்டிக்கொண்டு அவரே மேலே ஏறுவார். உயரமான கோபுரம் ஏறக்குறைய 30 மீட்டர்! 1954இல் முடித்தார். அடுத்து செய்ததுதான் நம்பவே முடியாதது. இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போனார். சாகும்வரை திரும்பி வரவில்லை.

ஆபத்தான கட்டுமானம், இடித்துத் தள்ளுங்கள் என்றது நகர நிர்வாகம். பொதுமக்கள் கொதித்தார்கள். சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று 1959இல் கோபுரத்தில் கம்பிவடம் கட்டி 10,000 பவுண்டு, அதாவது நாலரை டன் விசையில் இழுத்தார்கள். கோபுரம் அசையவில்லை, இழுத்த கருவிதான் வளைந்தது! பீட்டில்ஸ் குழுவின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ இசைத்தட்டு உறையில் இருக்கும் முகங்களில் ரோடியாவின் முகமும் ஒன்று.

கல்லும் சிமென்டும் மட்டும்தானா? வீடுகளில் பிள்ளை பார்த்துக்கொண்ட ஒரு பெண், இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த தெருப் புகைப்படக்காரர்களில் ஒருவர் என்பது தெரியுமா? விவியன் மேயர். கழுத்தில் ரோலிஃப்ளெக்ஸ் கேமராவோடு நியூயார்க், சிகாகோ தெருக்களில் நடந்து ஒரு லட்சத்துக்கும் மேல் படங்கள் எடுத்தார், யாருக்கும் காட்டவில்லை. வாடகை பாக்கிக்காக 2007இல் அவருடைய பெட்டிகள் ஏலம் போனபோதுதான் அந்தப் படங்கள் வெளியே வந்தன. 2009இல் அவர் இறந்தபிறகுதான் புகழ் வந்தது, அவருக்கே அது தெரியாது. அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

வாஷிங்டனில் அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்கிய ஜேம்ஸ் ஹாம்ப்டன் கதையும் இப்படித்தான். வாடகைக்கு எடுத்த கார் ஷெட்டில், இரவு வேலை முடிந்தபின், பதினான்கு ஆண்டுகள் கடவுளுக்குச் சிம்மாசனம் செய்தார். ஃபியூஸ் போன பல்பு, ஜாம் பாட்டில், அட்டை, பழைய மேசை நாற்காலி, எல்லாவற்றின் மேலும் தங்கமும் வெள்ளியுமாக ஜிகினாத் தாள். 1964இல் அவர் இறந்தபிறகுதான் ஷெட்டைத் திறந்து பார்த்தார்கள். ஏறக்குறைய 180 பகுதிகள் கொண்ட அந்தச் சிம்மாசனம் இன்று ஸ்மித்சோனியன் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது!

இவர்களில் யாரிடமும் யாரும் வந்து “செய்து கொடு” என்று கேட்கவில்லை. கூலி இல்லை, கைதட்டல் இல்லை. பகல் பிழைப்புக்கு, மிச்ச நேரம் இதற்கு. பயிற்சி பெற்ற கலைஞர்களுக்குத் தரும் அதே மரியாதையை இவர்களுக்கும் தர வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

நம் நாட்டிலும் இப்படி ஒருவர் இருந்தார். சண்டிகரில் பொதுப்பணித் துறை சாலை ஆய்வாளர் நேக் சந்த். பிரிவினையின்போது எல்லை தாண்டி வந்த குடும்பம். கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே கோடு போட்டுத் திட்டமிட்ட அந்தப் புது நகரத்துக்காகக் கிராமங்கள் இடிக்கப்பட்டன. அந்த இடிபாடுகளை நேக் சந்த் சைக்கிளில் அள்ளிக்கொண்டு போனார். போன இடம், கட்டடமே கட்டக் கூடாத அரசு வனம்! 1957இலிருந்து சுமார் 18 ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் பொம்மைகள் செய்தார். உடைந்த வளையலில் பெண்கள், கழிவறைப் பீங்கானில் சுவர்கள், சைக்கிள் கம்பியில் விலங்குகள். அதிகாரிகள் கண்டுபிடித்தபோது பல ஏக்கரில் ஒரு ராஜ்ஜியமே இருந்தது. சட்டப்படி இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை! 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவருக்குச் சம்பளமும் 50 வேலையாட்களும் கொடுத்தார்கள். 1984இல் பத்மஸ்ரீ. 2015இல் 90 வயதில் காலமானார்.

ஓத்ரீவுக்கும் லாஸ் ஏஞ்சலீஸுக்கும் விசா வேண்டும். சண்டிகர் டெல்லியிலிருந்து சதாப்தி ரயிலில் மூன்றரை மணி நேரம்தான். நேக் சந்த் உருவாக்கிய அந்த ராஜ்ஜியம், ராக் கார்டன், சுக்னா ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவசரமாகப் போகாதீர்கள், அரை நாளாவது ஒதுக்குங்கள். குழந்தைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்!