பனியும் உலக வெப்பமும்

“தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்” என்பர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளிவாங்கியதும், மண் பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் காத்து நிற்க முகிற்போர்வை இல்லை. ஆகவே விடியலில் குளிர் மிகுகின்றது. கஞ்சியிட்ட பாவு காய நெசவாளர் வெயிலை எதிர்நோக்குகின்றனர்.

“இத்தனை பனி பெய்கையில் உலகம் சூடேறுவதாவது!” என்னும் பேச்சையும் நாம் கேட்கிறோம். ஒரு முழத்தைக் கண்டு முழுப் பாவையும் மதிப்பிடலாமா?

இயற்கையும் குளிர்விப்பதுண்டு. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பினட்டுபோ எரிமலை கக்கிய கந்தகப் புகை மேல்வளியில் பரவிக் கதிரொளியை மறைத்தது; மறு ஆண்டில் உலகின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி சென்டிகிரேடு தணிந்தது. சில ஆண்டுகளில் அப்புகை படிந்தது. வெப்பம் மீண்டும் ஏறிற்று. நிலக்கரி எரிப்பதால் எழும் கரியமிலவாயுவோ அங்ஙனம் விரைவில் நீங்குவதன்று. அதில் ஒரு பகுதி நூற்றாண்டுக்கணக்கில் வளியிலேயே தங்கிவிடுகின்றது.