ஊட்டிக் குளிர்: கரி அடுப்பு வேண்டாம், கதவிடுக்கை மூடுங்கள்!

"உங்களுக்கென்னப்பா... ஏ.சி செலவே கிடையாது!"

ஊட்டியில் குடியிருப்பவர்களைப் பார்த்து சமவெளி உறவினர்கள் சொல்லும் வழக்கமான வசனம் இது. அதே உறவினர் தை மாதத்தில் ஒரு ராத்திரி அங்கே தங்கினால் கதை மாறிவிடும். ஸ்வெட்டர், குல்லா, இரண்டு கம்பளி எல்லாம் போர்த்திப் படுத்தும், எங்கிருந்தோ ஒரு சில்லென்ற காற்று காதோரம் வந்துகொண்டே இருக்கும். ஜன்னல் சாத்தியிருக்கிறது, கதவு தாழிட்டிருக்கிறது. பிறகு எங்கிருந்து வருகிறது இந்தக் காற்று?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஊட்டி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம். பகலில் இதமான வெயில் அடிக்கும். விடியற்காலையில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும். தாழ்வான இடங்களில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கிவிடும். இந்தக் குளிரில் நடுங்குகிறவர்கள் உடனே தேடுவது நெருப்பை. ஆனால், பழைய வீடுகளில் முதலில் தேடவேண்டியது ஓட்டையை. இந்த வரிசையை மாற்றிச் செய்வதில்தான் உயிருக்கே ஆபத்து இருக்கிறது.

நெருப்புக்காகக் கட்டிய வீடுகள்

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் இந்த மலைக்கு வந்தார். 1822-ல் அவர் கட்டத் தொடங்கிய கல் பங்களாதான் ஊட்டியின் முதல் பங்களா. அதன் பிறகு அதே பாணியில் ஏராளமான வீடுகள் வந்தன. உயரமான சீலிங், மரப்பலகைத் தரை, பெரிய பெரிய ஜன்னல்கள், அறைக்கு ஒரு கணப்பு, அதற்கு மேலே புகைபோக்கி.

கணப்பில் விறகு எரிய வேண்டுமானால் அறைக்குள் காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தக் காற்று புகையையும் இழுத்துக்கொண்டு புகைபோக்கி வழியாக வெளியேறும். கதவிடுக்கில் காற்று நுழைந்தாலும் அன்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. நாள் முழுக்க விறகு எரிந்தது.

இன்று விறகு விலை அதிகம். புகையைத் தாங்குவாரும் இல்லை. பல வீடுகளில் கணப்பு அணைந்து, அதன் மேடை போட்டோ வைக்கும் இடமாகிவிட்டது. ஆனால் ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. போதாக்குறைக்கு, நூறு வருட வெயிலிலும் மழையிலும் மரம் சுருங்கி, வளைந்து, இடுக்குகள் பெரிதாகிவிட்டன.

இதற்கு நேர்மாறான வீடு ஒன்றும் இதே மலையில் உண்டு. தோடர்களின் பாரம்பரியக் குடில். பாதி பீப்பாயைக் கவிழ்த்து வைத்தது போன்ற வடிவம், தடிமனான புல் கூரை, ஜன்னலே கிடையாது, குனிந்து தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சின்ன வாசல். காற்று நுழையும் வழியைக் குறைத்து, கூரையைத் தடிமனாக்கு. குளிருக்கு வீடு கட்டும் சூத்திரமே இதுதான்.

ஓர் இடுக்கு எவ்வளவு பெரியது?

7 அடி உயரம், 3 அடி அகலமுள்ள ஒரு கதவை எடுத்துக்கொள்ளுங்கள். கதவுக்கும் நிலைக்கும் நடுவே சுற்றிலும் வெறும் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் மொத்தம் சுமார் 180 சதுர சென்டிமீட்டர் திறப்பு. சுவரில் ஒரு செங்கல்லை உருவி எடுத்துவிட்டு அப்படியே விட்டதற்குச் சமம்! வீட்டில் இப்படி எத்தனை கதவு, எத்தனை ஜன்னல்?

சூடான காற்று லேசானது. அது மேலே போய் சீலிங் பலகை இடுக்கு வழியாக வெளியேறும். வெளியேறிய அளவுக்குக் கீழே, கதவடியிலும் தரைப்பலகை இடுக்கிலும் குளிர்காற்று உள்ளே வரும். அதனால்தான் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதம் மட்டும் சில்லென்று இருக்கிறது.

2,000 வாட் ஹீட்டரை ஒரு நாளைக்கு 5 மணி நேரம் ஓட்டினால் 10 யூனிட். இரண்டு மாத பில்லில் ஹீட்டருக்கு மட்டும் 600 யூனிட். அதில் கணிசமான பங்கு கூரை வழியாக வானத்துக்குப் போகிறது.

ஊதுபத்தி டெஸ்ட்

ஓட்டையைக் கண்டுபிடிக்க இன்ஜினீயர் தேவையில்லை. பூஜை அறையில் இருக்கும் ஊதுபத்தி போதும். காற்று வீசும் ஒரு நாளில் ஃபேன்களை நிறுத்துங்கள். கதவு, ஜன்னல்களைச் சாத்துங்கள். ஊதுபத்தியை ஏற்றி, ஜன்னல் சட்டம், கதவு நிலை, சீலிங் ஓரம், மின்வயர் நுழையும் துளை, பரண் கதவு, புகைபோக்கி வாய் என்று ஒவ்வோர் இடமாக மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை நேராக எழுந்தால் சரி. சட்டென்று வளைந்தாலோ, சிதறினாலோ அங்கே ஓட்டை இருக்கிறது. சாக்பீஸால் ஒரு குறி போடுங்கள். குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டால் குறி போடும் வேலையை அவர்களே உற்சாகமாகச் செய்வார்கள். திரைச்சீலை பக்கம் மட்டும் நெருப்பு ஜாக்கிரதை.

எதை, எந்த வரிசையில் செய்வது?

முதல் வேலை, மழை ஒழுகலைச் சரிசெய்வது. இரண்டு பருவமழையையும் வாங்கும் மலை இது. ஈரம் உள்ள இடத்தை மூடினால் பூஞ்சையும் மரம் மக்குவதும்தான் மிச்சம். பழைய கல், சுண்ணாம்புச் சுவர்கள் ஈரத்தை மெல்ல வெளியே விடும் தன்மை உள்ளவை. அவற்றின் மேல் சிமென்ட் பூசி மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ரிப்பேருக்கும் சுண்ணாம்புக் கலவையே நல்லது.

இரண்டாவது, இடுக்குகள். திறந்து மூடும் கதவு, ஜன்னல்களுக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஒட்டும் ரப்பர் பட்டை போதும். அசையாத இடுக்குகளுக்கு சிலிக்கான் அல்லது மரப் புட்டி. கதவடிக்கு, பழைய புடவையைக் குழாய் போலத் தைத்து மணல் நிரப்பி வைத்தால் காசு செலவில்லாத அடைப்பு. பயன்படுத்தாத கணப்பு என்றால், சாக்குக்குள் பழைய துணி திணித்துப் புகைபோக்கியின் கீழ்வாயை அடைக்கலாம். அடைத்திருப்பது தெரியும்படி ஒரு சிவப்புத் துணியை வெளியே தொங்கவிடுங்கள். இல்லையென்றால் என்றாவது ஒரு நாள் விருந்தாளி யாராவது தெரியாமல் நெருப்பு மூட்டிவிடுவார்.

மூன்றாவது, கூரை. செலவழிக்கக் கொஞ்சம் பணம் இருந்தால் அதை இங்கே போடுங்கள். தகர ஷீட் வெப்பத்தைத் தடுப்பதே இல்லை. அசையாமல் நிற்கும் காற்றுதான் மிகச் சிறந்த தடுப்பு. தெர்மாகோல், ராக்வூல் எல்லாமே காற்றைச் சிறைபிடித்து வைக்கும் பொருட்கள்தான். 5 சென்டிமீட்டர் தெர்மாகோல் தடுக்கும் வெப்பத்தைத் தடுக்க சுமார் ஒரு மீட்டர் தடிமனுள்ள செங்கல் சுவர் வேண்டும்! சீலிங் பலகைக்கு மேலே பரண் போல இடம் இருந்தால் அங்கே ராக்வூல் பரப்பலாம். அது எரியாது, தகரத்தில் விழும் மழைச் சத்தமும் குறையும். முகக்கவசம், கையுறை இல்லாமல் அதைத் தொடாதீர்கள். தெர்மாகோல் விலை குறைவு, ஆனால் தீப்பிடித்தால் நச்சுப்புகை கக்கும். அதைத் திறந்தபடி விடாமல் ஜிப்சம் போர்டு போட்டு மூடுங்கள். புகைபோக்கி, சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கூரை வேலைக்கு முன் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பழைய வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள். மூடப்பட்ட வயர் சூடாகும். வீட்டுக்குள்ளிருந்து எழும் ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகச் சொட்டும் என்பதால், சீலிங்குக்கு மேலே, ராக்வூலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வேண்டும். தகரத்துக்குக் கீழே காற்றோட்டமும் இருக்க வேண்டும். கூரை ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்ட் ஷீட் என்றால் அதில் துளை போடவோ, அறுக்கவோ, உடைக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

நான்காவது, ஜன்னல். கண்ணாடியில் லேசாகத் தண்ணீர் தெளித்து பபிள் ராப் ஷீட்டை ஒட்டினால் அப்படியே பிடித்துக்கொள்ளும், வெளிச்சமும் வரும். பகல் முழுக்கத் திரையை விலக்கி வெயிலை உள்ளே விடுங்கள். மாலை 4 மணிக்கு மேல் தடிமனான திரையை இழுத்து மூடுங்கள்.

தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலும் வாடகை வீடுகளிலும் கூரையில் கை வைக்க முடியாது. அங்கேயும் ரப்பர் பட்டை, மணல் பை, பபிள் ராப், தரையில் தடிமனான விரிப்பு ஆகியவற்றைச் செய்யலாம். கட்டிலை வெளிச்சுவரை ஒட்டிப் போடாமல் ஓர் அடி தள்ளிப் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

மறக்கவே கூடாத ஒன்று

குளிர்காலம் வந்தால் மலைப் பகுதிகளிலிருந்து ஒரு செய்தியும் கூடவே வருகிறது. குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி. உள்ளூர்க்காரர்களும் உண்டு; பார்பிக்யூ அடுப்பின் மிச்சக் கங்குகளை அறைக்குள் எடுத்துப்போன சுற்றுலாப் பயணிகளும் உண்டு.

கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகையே இல்லாமல் தணலாகக் கனியும் கரி பாதுகாப்பானது என்று நினைப்பது பெரிய தவறு. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு தலைச்சுற்றல், குமட்டல், மயக்கம். தூங்குகிறவருக்கு இதில் எதுவுமே தெரியாது.

கணப்பில் புகைபோக்கி உண்டு. அறை நடுவே வைக்கும் கரி அடுப்புக்கு அது இல்லை. இடுக்குகளை எல்லாம் அடைத்த வீட்டில் அந்த வாயு போக வழியே கிடையாது. ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்து நீங்கள் ஒரே ஒரு ரப்பர் பட்டை ஒட்டினாலும் சரி, அன்றோடு அந்த வீட்டுக்குள் கரி அடுப்புக்கு இடம் இல்லை. "கொஞ்ச நேரம்தானே" என்பதற்கும் இடம் இல்லை. தாத்தா, பாட்டி அறைக்குள் ஆசையாக வைக்கும் தணல் சட்டிக்கும் இதே விதிதான். அவர்களுக்கு வெந்நீர்ப் பை கொடுங்கள்.

கேஸ் கீசரும் இதே வாயுவை உண்டாக்கும். குளியலறை வென்டிலேட்டரையும், சமையலறையில் காற்று போகும் வழியையும் எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். கணப்பில் விறகு எரிப்பவர்கள் புகைபோக்கியை வருடம் ஒரு முறை சுத்தம் செய்யுங்கள். எரியும்போது ஒரு ஜன்னலை இரண்டு விரல்கடை திறந்து வையுங்கள். நெருப்பு முழுக்க அணைந்த பிறகே தூங்கப் போங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. நெருப்பு எரியும் வீட்டில் அது கட்டாயம் இருக்கட்டும்.

யாருக்காவது தலை சுற்றினால், ஏன் என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் எல்லோரும் வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். பிறகு 108-க்கு அழையுங்கள்.

அடைத்த வீட்டுக்கும் மூச்சு வேண்டும். தினமும் உச்சி வெயிலில் எல்லா ஜன்னல்களையும் பத்து நிமிடம் திறந்து விடுங்கள். காற்று மாறும், சுவரில் தங்கிய சூடு அவ்வளவு சீக்கிரம் போய்விடாது. ஈரவாடையும் போகும்.

வேலையெல்லாம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் மறுபடி ஊதுபத்தியை ஏற்றி, அதே சாக்பீஸ் குறிகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். புகை நேராக எழுந்தால், அடுத்த முறை வரும் சமவெளி உறவினருக்கு ஒரு கம்பளி போதும்.