பேட்டையில் ஒரு கப்பல் கட்டும் தளம்!

தாய்மாமன் சொத்து மருமகனுக்கு என்பார்கள். சிலருக்குத் தோப்பு வரும். சிலருக்கு வீடு வரும். கொடுத்து வைத்தவனுக்குத் தாய்மாமன் மகளே வருவாள். எனக்கு வந்ததோ 28 அடி நீளத்தில் ஓர் ஓட்டை ஃபைபர் படகு!

சட்டம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். மாமாவுக்குப் பிள்ளைகள் கிடையாது. வாரிசுச் சான்றிதழில் இருப்பது அத்தையின் பெயர்தான். உரிமை அத்தைக்கு, ஓட்டை எனக்கு... அவ்வளவுதான் பாகப்பிரிவினை.

மாமா ஊர் உவரி. நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக... கப்பல் வடிவத்திலேயே மாதா கோயில் கட்டி வைத்திருக்கிற கடற்கரை ஊர். நான் இருப்பது திருநெல்வேலி பேட்டையில். நடுவில் சுமார் 70 கிலோமீட்டர். கடலுக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம், வருஷத்துக்கொரு தடவை உவரி அந்தோணியார் கோயிலுக்குப் போய், மாமா வீட்டு மீன் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, பையில் கருவாட்டோடு பஸ் ஏறுவதுதான். (பக்கத்து சீட்டுக்காரர்கள் என்னை மன்னிப்பார்களாக!)

2023-ல் மாமா காலமானார். அவர் ஆன்மாவுக்குப் பூசை முடிந்த அன்று படகை விலை பேச ஒருவர் வந்தார். எஞ்சினை முன்னும் பின்னும் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எஞ்சினை எடுத்துக்கிடுதேன். போட்டை நீங்களே வச்சுக்கிடுங்க."

"போட்டை வச்சு நாங்க என்ன செய்ய?"

"அதைத்தான் ஒண்ணும் செய்ய முடியாதே!"

அந்த மனுஷன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. மர வள்ளம் பழசானால் பிரித்துப் போட்டுவிடலாம். ஆணி இரும்புக் கடைக்கு, பலகை அடுப்புக்கு. கட்டுமரம் இன்னும் சுலபம். கயிற்றை அவிழ்த்தால் மரம் வேறு, கயிறு வேறு. ஃபைபர் அப்படியில்லை. கண்ணாடியை நூலாக இழுத்து, பாய்போலப் பரப்பி, ரெசின் என்கிற பிசினைத் தடவி இறுக வைக்கிறார்கள். இறுகினது இறுகினதுதான். பிளாஸ்டிக் குடத்தைப்போல உருக்கி மறுபடி வார்க்க முடியாது. எரித்தால் மூச்சை அடைக்கிற கரும்புகை. கண்ணாடி அப்படியே மிச்சம் கிடக்கும். புதைத்தால் மக்காது. பேரீச்சம்பழக்காரர்கூட வாங்க மாட்டார்!

இந்தச் சமாசாரம் முளைத்ததே தற்செயலாகத்தான். 1932-ல் அமெரிக்காவில் டேல் கிளைஸ்ட் என்பவர் வேறு எதற்கோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, உருகிய கண்ணாடிமேல் காற்று பீய்ச்சியடித்து, அது இழை இழையாகப் பறந்தது. 1942-ல் ரே கிரீன் என்பவர் கண்ணாடி இழையையும் பாலியெஸ்டர் பிசினையும் சேர்த்து ஒரு சின்னப் படகே செய்துவிட்டார். சாகாத படகைச் செய்தவர்கள், அதை எப்படி அடக்கம் செய்வது என்று மட்டும் சொல்லித் தரவில்லை.

நாங்கள் ஆளாளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருக்க, அதுவரை வாயே திறக்காத அத்தை சொன்னாள்: "எஞ்சினும் குடுக்கலை, போட்டும் குடுக்கலை. சரிபண்ணித் தா மருமவனே. போட்டு கடலுக்குப் போனாத்தான் எனக்குப் பங்கு."

பங்கு என்றால் தர்மக் காசு இல்லை. பிடித்த மீனை விற்று, எண்ணெய்ச் செலவு கழித்து, மிச்சத்தில் வேலை செய்தவர்களுக்குப் பங்கு, படகுக்கும் பங்கு. படகு யாருடையதோ அவருக்கு அந்தப் பங்கு. கடலுக்குப் போகாத ஒரு விதவைக்குக் கடலிலிருந்து வரக்கூடிய ஒரே வருமானம் அது. அதற்கு முதலில் படகு மிதக்க வேண்டும். அது மிதப்பதாக இல்லை.

படகின் ஜாதகத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் கடற்கரையில் ஃபைபர் படகு ஒன்றும் நேற்றுப் பிறந்ததல்ல. 1979-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்து ஆரம்பித்த வங்காள விரிகுடாத் திட்டத்திலேயே, அலைக்கு நடுவில் மணலில் ஏறி இறங்குகிற ஃபைபர் படகுகளைச் செய்து பார்த்தார்கள். ஆனால் ஊர் ஊராக அது குவிந்தது சுனாமிக்குப் பிறகுதான். 2004 டிசம்பர் 26. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 உயிர்கள். மிஞ்சினவர்களுக்குத் தொழில் செய்யப் படகு வேண்டுமே என்று தொண்டு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஃபைபர் படகுகளைக் கொடுத்தன. கொடுத்தது நல்ல மனசு. ஆனால் அத்தனை படகுக்கு அத்தனை வேகத்தில் எங்கே போவது? திடீர் திடீரென்று பட்டறைகள் முளைத்தன. சில பட்டறைகள் ஒழுங்காகச் செய்தன. சில, கல்யாண வீட்டில் தோசை வார்ப்பது மாதிரி வார்த்துத் தள்ளின. மாமாவுக்கு 2005-ல் கிடைத்தது இரண்டாவது ரகம். ஒரு பக்கம் 7 மில்லிமீட்டர் கனம், இன்னொரு பக்கம் 4!

உவரியிலேயே ஃபைபர் வேலை தெரிந்த பையன்கள் உண்டு. காலையில் ஓட்டை, மத்தியானம் ஒட்டு, மறுநாள் கடல். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாள் படகு கரையில் கிடந்தால் ஒரு நாள் அடுப்பு எரியாது. ஆனால் இந்தப் படகுக்குத் தேவை ஒட்டு இல்லை, ஆபரேஷன்! அதற்கு நிழல் வேண்டும், உப்புக் காற்று படாத வறண்ட இடம் வேண்டும். வறட்சிக்குத் திருநெல்வேலியைக் கேட்கவா வேண்டும்? 2024 மாசியில் லாரியில் ஏற்றிப் பேட்டைக்கே கொண்டுவந்துவிட்டேன்.

எங்கள் ஊர்த் தொழிற்பேட்டைப் பக்கம் (ஆமாம், பேட்டைக்குள்ளேயே இன்னொரு பேட்டை!) ஒரு பாய் ஃபைபர் ஷெட் வைத்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டி, பஸ் சீட், பள்ளிக்கூடப் பூங்காவுக்கு யானை, ஒட்டகச்சிவிங்கி என்று எல்லாம் செய்வார். படகைக் கொண்டுபோய் அந்த மிருகங்களுக்குப் பக்கத்தில் இறக்கினதும், டீ கொண்டுவந்த பையன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்:

"என்ன பாய், நூஹ் நபி கப்பலா?"

"கப்பல் மட்டுந்தாம்ல அண்ணாச்சியோடது. ஒட்டகச்சிவிங்கி வேற பார்ட்டி" என்றார் பாய்.

சிரிப்புக்கு நடுவில் ஒரு பயமும் இருந்தது. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த பேய் மழையை யார் மறப்பார்கள்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டு, நெல்லையிலும் தூத்துக்குடியிலும் தெருவெல்லாம் ஆறு. அப்போது லாரியில் ஏறி ஊருக்குள் வந்து ஆட்களைக் காப்பாற்றியது மீனவர்களின் ஃபைபர் படகுகள்தானே! அதனால் ஷெட்டைத் தாண்டிப் போகிறவர்களெல்லாம் நின்று, "ஏ அண்ணாச்சி, இந்த வருசமும் வெள்ளம் உண்டுன்னு ரேடியோவுல சொல்லிட்டானா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். இரண்டு பேர் குடும்பத்தோடு இடம் 'ரிசர்வ்' செய்தார்கள்.

பாய் முதலில் செய்த வைத்தியம், ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அணியத்திலிருந்து பின்பக்கம் வரை தட்டிக்கொண்டே போனது. காருக்குறிச்சிப் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதே கணக்கு. 'டண்' என்றால் நல்ல இடம். 'தொப்' என்றால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. தொப் கேட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். முடித்துவிட்டுப் பார்த்தால் படகுக்கு அம்மை போட்டது மாதிரி இருந்தது! வெளிப்பக்கம் சில கொப்புளங்கள். ஒன்றைக் குத்தினார். புளித்த காடி வாசத்தோடு தண்ணீர் கசிந்தது.

"வருசக்கணக்கா தண்ணி உள்ள எறங்கி, ரெசினைத் தின்னுருக்கு அண்ணாச்சி."

அடுத்து எஞ்சின் மாட்டுகிற பின்பலகை. வெளியே ஃபைபர், உள்ளே பிளைவுட். போல்ட் போட்ட துளை வழியாகத் தண்ணீர் போய், உள்ளே பலகை ஊறவைத்த ரஸ்க் மாதிரி கையோடு வந்தது. ஆழ்கடலில் எஞ்சின் கழன்று விழுந்திருந்தால்..? மாமா எதை நம்பிப் போய் வந்தார் என்று நினைத்தாலே அடிவயிறு கலங்கியது.

படகு கவிழ்ந்தாலும் மூழ்காமலிருக்க இருக்கைகளுக்கு அடியில் பெட்டி அடைத்து தெர்மோகோல் வைத்திருந்தார்கள். அதுவும் தண்ணீர் குடித்துக் கிடந்தது. "கடைசி ரெண்டு வருசமா போட்டு கனக்கு கனக்குன்னு உங்க மாமா சொல்லிக்கிட்டே இருப்பாவ" என்றாள் அத்தை போனில். பிறகு கனக்காதா?

பாய் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவச் சொன்னார். அப்புறம் ஒரு மாசம் காய்ச்சல்... அதாவது, காயப்போடுதல்! காய்ந்ததா என்று பார்க்க ஒரு சுலபமான வழி வைத்திருந்தார். ஒரு துண்டு பாலிதீன் தாளை படகின்மேல் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டிவிட வேண்டும். மறுநாள் தாளுக்கு அடியில் வேர்த்திருந்தால் இன்னும் ஈரம். வேர்வை நிற்க ஐந்தாவது வாரம் ஆனது.

பிறகுதான் கிரைண்டர். பழைய ஃபைபரோடு புதிய ரெசின் கலந்து ஒன்றாகாது. சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அதனால் பெயிண்ட், மெழுகு, எண்ணெய் எல்லாம் போகத் தேய்க்க வேண்டும். ஓட்டையின் ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் சரிவாக இழைக்க வேண்டும். கனம் 5 மில்லிமீட்டர் என்றால், சரிவு அதைப்போல 12 மடங்கு, 60 மில்லிமீட்டர். உள்ளங்கையளவு ஓட்டைக்குச் சாப்பாட்டுத் தட்டளவு ஒட்டு! முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டும், கண்ணாடித் தூள் ஒரு வாரம் எங்களை அரிக்க வைத்தது. என் சட்டையை வீட்டில் யாரும் தொடவில்லை.

ரெசின் இறுக அதில் இரண்டு மருந்து கலக்கிறார்கள். ஒன்று கோபால்ட், இன்னொன்று கேட்டலிஸ்ட். பாய் இரண்டு பாட்டிலையும் ஷெட்டின் எதிரெதிர் மூலையில் வைத்திருந்தார்.

"ஏன் பாய் இவ்வளவு தூரம்?"

"மாமியாரும் மருமகளும் அண்ணாச்சி! முதல்ல ஒண்ணை ரெசின்ல விட்டு நல்லா கலக்கணும். அப்புறம் அடுத்தது. ரெசினுக்குள்ள ரெண்டும் ஒத்துமையா வேலை செய்யும். நேருக்கு நேர் சந்திச்சா ஷெட்டுக்குக் கூரை இருக்காது."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அந்த இரண்டையும் நேராகக் கலந்தால் தீப்பிடித்து வெடிக்கும். சித்திரை வெயிலில் ரெசின் டப்பாவுக்குள்ளேயே சூடாகி இறுகிவிடும் என்பதால், கேட்டலிஸ்டைக் குறைத்து ஊற்றி, காலை 9 மணிக்குள் வேலையை முடித்துவிடுவார். மேட்டை விரிப்பது, ரெசினைத் தடவுவது, உள்ளே காற்று நிற்காமல் ரோலரால் உருட்டுவது, மறுபடி மேட்... நாலு மில்லிமீட்டர் பக்கம் ஒருவழியாகக் கனத்துக்கு வந்தது.

இருக்கையின் அடிப்பக்கத்தைத் தேய்க்கும்போதுதான் அது நடந்தது. மேலே நீலப் பெயிண்ட். அதற்கடியில், ஒக்கிப் புயல் வந்த 2017-க்குப் பிறகு மாமா போட்ட ஒட்டு. அதற்கும் பக்கத்தில் ஆணியால் கீறின எழுத்துகள். பாய் சட்டென்று கிரைண்டரை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. ஏதோ கணக்கு மாதிரி இருக்கு."

மூன்று ஜோடி எண்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று 8-ல் ஆரம்பிக்கிறது, மற்றது 77-ல். எனக்குப் புரியவில்லை. அத்தைக்குப் போன் போட்டு வாசித்தேன். இரண்டாவது எண்ணிலேயே குறுக்கே விழுந்தாள்:

"எய்யா, சத்தமா வாசிக்காத! நான் வாறேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். விஷயம் இதுதான். கடலுக்கடியில் பாறைத் திட்டு இருக்கும். 'பார்' என்பார்கள். மீன் அங்கேதான் அடையும். அந்தக் காலத்தில் கோயில் கோபுரம், பனை, மலை என்று கரையில் அடையாளம் பார்த்து இடத்தைப் பிடிப்பார்கள். ஜி.பி.எஸ். வந்த பிறகு அது எண்ணாகிவிட்டது. நல்ல பாரின் எண்ணைக் கூடப்பிறந்தவனுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். மாமா மூன்று பார்களை இருக்கைக்கடியில் எழுதி, மேலே பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்! (எண்களை இங்கே போடலாம்தான். அத்தை இந்தப் பத்திரிகை ஆபீசுக்கே வந்துவிடுவாள்.)

பூசைப் புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்தில் அத்தை நிதானமாக எழுதிக்கொண்டாள். என்னைச் சரிபார்க்கச் சொன்னாள். பாய்க்கு மனசு கேட்கவில்லை.

"அம்மா, இதைத் தேய்க்க வேண்டாம். மேல ஒரு மேட் போட்டு ரெசின் விட்டா, மேட் கண்ணாடி மாதிரி ஆயிரும். அவுக எழுத்து எப்பவும் தெரியும்."

அவர் சொன்னது சரி. வெள்ளை மேட்டில் ரெசின் ஊறியதும் உள்ளே இருப்பது தெரியும். ஒரு மூலையில் செய்துகூடக் காட்டினார். அத்தை எழுத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மேட்டைப் போடுங்க பாய். மேல கட்டியா ரெண்டு கோட்டு பெயிண்டும் அடிங்க. யாருக்கும் தெரியப்பிடாது."

ஆக, எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது.

செலவு எழுபதாயிரத்தைத் தாண்டியது. புதுப் படகென்றால் லட்சக்கணக்கில் ஆகியிருக்கும் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். பதிவை அத்தை பெயருக்கு மாற்றி, ஐ.என்.டி., டி.என். என்று தொடங்கும் எண்ணை இரண்டு பக்கமும் எழுதியாயிற்று. ஆடிக் காற்று கிளம்புவதற்கு முன்னால் லாரி உவரிக்குக் கிளம்பியது. டீக்கடைப் பையன் கை காட்டினான். ஒட்டகச்சிவிங்கி அங்கேயே நின்றது.

ஓட்டப்போவது அத்தையின் அக்கா மகன். கடற்கரையில் வைத்தே பங்குப் பேச்சு வந்தது. "ஆம்பளை இல்லாத வீடு, படகுப் பங்கைக் கொஞ்சம் குறைச்சுக்கிடலாமே சித்தி" என்று இழுத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"குறைச்சுக்கிட்டா நீ தேடிக்கிட்டுதான் திரியணும். முழுப் பங்குன்னா, எங்க போயி வலை போடணும்னு நான் சொல்லுவேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் கப்பல் மாதா கோயிலைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் முழுப் பங்கும் வந்ததாம். பேட்டைக்கு ஒரு பெட்டி மீனும் வந்தது; பாதி பாய் வீட்டுக்குப் போனது. போனில் அத்தையிடம் கேட்டேன்:

"மூணு நம்பரையும் குடுத்திட்டீங்களா அத்தை?"

"ஒண்ணுதான் குடுத்திருக்கேன். மத்ததைக் கார்த்திகையில பாத்துக்கிடலாம்."