வானொலிப் பெட்டியும் திசையும்

மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசற்காட்டிலே, 1970ஆம் ஆண்டுகளிற் சிறு பிராயத்தைக் கழித்தோர்க்கு ஒரு விந்தை நினைவிருக்கும். பட்டப்பகலிற் சென்னை வானொலி மங்கிக் கேட்க, அயல்நாடாகிய இலங்கையின் வானொலி கணீரென்று ஒலித்தது. இதற்குக் காரணம் யாது?

முதலாவது தூரம். மல்லாங்கிணற்றினின்று நேர்கோட்டிற் சென்னை ஏறத்தாழ 460 கிலோமீட்டர். கொழும்போ 360 கிலோமீட்டரே. இரண்டாவது கடல். பகலில் மத்திய அலைகள் நிலத்தை ஒட்டியே பரவும். வறண்ட மண் அவற்றின் வலிமையை விரைவில் உறிஞ்சிவிடும். உப்புநீரோ மின்சாரத்தை நன்கு கடத்துவதாதலின், அலைகள் அதன்மீது அதிகம் தேயாமற் செல்லும். கொழும்பிலிருந்து நம் காட்டிற்கு வரும் வழியிற் பெரும்பகுதி மன்னார் வளைகுடாவன்றோ! இரவிலோ, வானின் அயனி மண்டலம் அலைகளைத் திருப்பி அனுப்புவதால், தொலைதூர நிலையங்களும் கேட்கும்.

இனி, பெட்டியின் செய்தி. டிரான்சிஸ்டர் வானொலியினுள்ளே ஃபெரைட் என்னும் கரிய தண்டு ஒன்று, கம்பி சுற்றப்பெற்று, நீளவாட்டில் கிடக்கும். நிலையம் இருக்கும் திசைக்கு அத்தண்டு குறுக்காக நின்றால் ஒலி ஓங்கும். அத்திசையையே சுட்டி நின்றால் ஒலி அடங்கும். ஆகவே பெட்டியின் முகமாவது முதுகாவது நிலையத்தை நோக்குதல் வேண்டும்.

எம் பாட்டியார் இவற்றுள் ஒன்றும் அறியார். அவர்தம் தங்கை இளமையிலேயே இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்றவர். 1964ஆம் ஆண்டு இந்திய இலங்கைப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தத்தின் பின் தோட்டக் குடும்பங்கள் பல இரு நாடுகளாகப் பிரிந்தன. தங்கையார் அங்கேயே தங்கினார், கடிதங்களும் நின்றன. பிறந்தநாள் வாழ்த்தில் ஊரும் பேரும் படிக்கப்படும் வேளையிற் பாட்டியார் பெட்டியைத் தென்கிழக்கே திருப்பி வைப்பார். “தங்கச்சி இருக்கிற திக்கைப் பார்த்தால்தான் இது பேசும்” என்பார். யான் நகைப்பேன்.

கல்லூரியிற் பௌதிகம் பயின்றபோதே அவர் சொல் மெய்யென உணர்ந்தேன். அவ்வுண்மையை அவரிடம் உரைக்க அவர் அப்போது இலர். அவர் எதிர்பார்த்த பெயரும் ஒருநாளேனும் ஒலித்ததில்லை. இக்காலத்துக் கைப்பேசியை எப்பக்கம் திருப்பினும் பாட்டு ஒன்றுபோலவே கேட்கின்றது. எனினும், அப்பழம்பெட்டியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், என் கை தானே அதனைத் தென்கிழக்கே திருப்புகின்றது.