விமானம் வரை போகுமா அந்தப் பச்சைக் கோடு?

பசார் மாலாமில் கைப்பேசி உறைகளுக்கும் சாவிக்கொத்துகளுக்கும் நடுவில் அது இருந்தது. பேனா அளவில் ஒரு லேசர் விளக்கு. கடைக்காரர் பொத்தானை அழுத்தியதும் எதிர்க்கடைக் கூடாரத்தில் பச்சைப் புள்ளி ஒன்று துள்ளியது. ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகன் அதைவிட்டு நகரவில்லை. விலை இருபது ரிங்கிட். நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

அன்றிரவு எங்கள் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் நின்று, எதிர் புளோக்கின் சுவரில் முதலில் நானே அடித்துக் காட்டினேன். பிறகு அவன் கைக்குப் போனது. சுபாங் விமான நிலையத்தை நோக்கி ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் பேனாவை அதன் விளக்குகளை நோக்கி நீட்டினான். சில நொடிகள்தாம்.

“டேய், வேண்டாம்” என்றேன். ஆனால் என் குரலில் பெரிய பதற்றம் எதுவும் இல்லை.

“அவ்வளவு தூரம் போகுமாப்பா?”

“போகாதுடா. பாதியிலேயே மங்கிடும்.”

அவன் தூங்கிய பிறகு மனம் உறுத்தியது. இணையத்தில் தேடிப் படித்தேன். நான் சொன்ன பதில் தவறு.

விமானி அறையில் நடப்பது என்ன?

சாதாரண டார்ச் விளக்கின் ஒளி சில மீட்டரிலேயே சிதறிவிடும். லேசர் அப்படியல்ல. சாதாரண லேசர் பேனாவின் கதிர் ஒரு கிலோமீட்டர் தாண்டினாலும் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமே விரிகிறது. மூன்று கிலோமீட்டரில் மூன்று மீட்டர். நம் சுவரில் கடுகளவு தெரியும் புள்ளி, விமானத்தை அடையும்போது விமானி அறையின் கண்ணாடி முழுவதையும் மூடும் அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது. கண்ணாடியில் உள்ள சிறு கீறல்களில் பட்டு ஒளி சிதறும்போது வெளியே ஓடுபாதை விளக்குகளே தெரியாமல் போகலாம்.

இரவில் தரையிறங்கும் விமானிகள், வெளியே பார்ப்பதற்காக அறை விளக்குகளைக் குறைத்து வைத்திருப்பார்கள். அவர்களின் கண்கள் இருளுக்குப் பழகியிருக்கும். அந்த நேரத்தில் பளிச்சென்று ஒளி பட்டால், கேமரா ஃப்ளாஷ் பட்டதுபோல் சில நொடிகள் எதுவும் தெரியாது. ஒளி போன பிறகும் அதன் நிழல் கண்ணில் நிற்கும். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் விமானம் ஐந்து நொடியில் ஏறத்தாழ 350 மீட்டர் கடந்துவிடும். ஓடுபாதைக்கு மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போது அதன் உயரம் சுமார் 160 மீட்டர்தான். தடுமாற நேரமில்லை.

5 மில்லிவாட் ஆற்றல் கொண்ட பச்சைப் பேனாவே மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள விமானியின் கவனத்தைச் சிதறடிக்கக் கூடும். அந்தத் தொலைவில் அது கண்ணை நிரந்தரமாகக் கெடுப்பது அரிது. ஆனால் பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணிகளுக்கு அந்தச் சில நொடிகளே போதுமான ஆபத்து.

2016 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் புறப்பட்ட வெர்ஜின் அட்லாண்டிக் விமானத்தின் மீது லேசர் அடிக்கப்பட்டது. துணை விமானிக்கு உடல்நலம் சரியில்லாமல் போக, 250-க்கும் மேற்பட்ட பயணிகளுடன் விமானம் ஹீத்ரோவுக்கே திரும்பியது. அமெரிக்காவில் 2023-இல் மட்டும் இப்படி 13,000-க்கும் மேற்பட்ட சம்பவங்களை விமானிகள் புகார் செய்திருக்கிறார்கள். அங்கே 2012 முதல் இது ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பிரிட்டனும் 2018-இல் அதே அளவு தண்டனையுடன் தனிச் சட்டம் கொண்டுவந்தது. விமானத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிப்பது நம் நாட்டிலும் குற்றம்தான். ‘சும்மா விளையாட்டுக்கு’ என்பது சமாதானம் ஆகாது.

வலிக்காத காயம்

மறுநாள் காலை இதையெல்லாம் மகனிடம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு இன்னொன்றைச் சொன்னான். “நான் ஒரு தடவை கண்ணுக்கு நேராவும் அடிச்சுப் பார்த்தேன்பா. ஒன்னும் வலிக்கல.”

வலிக்காது என்பதுதான் சிக்கல். பூதக்கண்ணாடி வெயிலைக் குவித்துக் காகிதத்தைக் கருக்குவதை நாம் சிறுவயதில் பார்த்திருப்போம். நம் கண்வில்லையும் லேசர் ஒளியை அப்படித்தான் விழித்திரையில் குவிக்கிறது. கண்ணுக்குள் நுழையும் ஒளியின் செறிவு விழித்திரையைத் தொடும்போது ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு கூடிவிடுகிறது. விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் இல்லை. அதனால் அது கருகினாலும் நமக்குத் தெரியாது. பிறகு, படிக்கும் எழுத்தின் நடுவிலோ பார்க்கும் முகத்தின் நடுவிலோ ஒரு மங்கல் தெரியலாம். அந்தச் செல்கள் மீண்டும் வளர்வதில்லை.

2018-இல் ஒரு மருத்துவ இதழில் கிரீஸ் நாட்டு மருத்துவர்கள் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதியிருந்தார்கள். பச்சை லேசர் பேனாவைத் திரும்பத் திரும்ப நேராகப் பார்த்ததில் அவனுடைய இடது கண் விழித்திரையின் மையத்தில் ஓட்டை விழுந்திருந்தது. ஒன்றரை ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கண்ணின் பார்வை தேறவில்லை.

அதைப் படித்த அன்றே மகனைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து ஊற்றி, உள்ளே விளக்கடித்துப் பார்த்தார்கள். வெளியே நாற்காலியில் காத்திருந்த அந்த அரை மணி நேரத்தில், இருபது ரிங்கிட்டை எத்தனை முறை நினைத்திருப்பேன் என்று தெரியவில்லை. விழித்திரையில் காயம் எதுவும் இல்லை என்றார் மருத்துவர். அது எங்கள் அதிர்ஷ்டம்.

எதைப் பார்த்து வாங்குவது?

லேசர் கருவிகளுக்கு வகுப்புகள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் லேசரில் 1 மில்லிவாட்டுக்கு உட்பட்டது இரண்டாம் வகுப்பு. தற்செயலாகக் கண்ணில் பட்டால், நாம் கண் சிமிட்டும் கால் நொடிக்குள் பெரும்பாலும் பாதிப்பு வராது. அலுவலகக் கூட்டங்களில் திரையைச் சுட்டிக்காட்ட இதுவே போதும். 3ஆர் வகுப்பு 5 மில்லிவாட் வரை. 3பி வகுப்பு 500 மில்லிவாட் வரை போகும். நான்காம் வகுப்பு அதற்கும் மேல். கடைசி இரண்டும் பிள்ளைகள் கையில் இருக்கவே கூடாதவை.

ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் நம்பவும் முடியாது. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 122 பேனாக்களைச் சோதித்து 2013-இல் வெளியிட்ட முடிவில், பச்சைப் பேனாக்களில் ஏறத்தாழ 90 விழுக்காடும் சிவப்பில் 44 விழுக்காடும் பாதுகாப்பு விதிக்கு உட்படவில்லை. மலிவான பச்சைப் பேனாக்கள் பல, அகச்சிவப்புக் கதிரிலிருந்துதான் பச்சை ஒளியை உருவாக்குகின்றன. அதைத் தடுக்கும் வடிகட்டி இல்லாவிட்டால் அந்தக் கதிரும் சேர்ந்து வெளியே வரும். அது கண்ணுக்குத் தெரியாது. கண் சிமிட்டவும் தோன்றாது.

எனவே வகுப்பு எண் அச்சிடப்படாத பேனாவை வாங்காதீர்கள். பூனைக்கு விளையாட்டுக் காட்டவும் வேண்டாம். அதன் கண்ணுக்கும் விழித்திரை உண்டு. கண்ணாடியிலோ பளபளப்பான பொருளிலோ அடிக்காதீர்கள். கண்ணில் பட்டபின் மங்கலோ கரும்புள்ளியோ தெரிந்தால் கண்ணைக் கசக்காமல் உடனே கண் மருத்துவரைப் பாருங்கள்.

எங்கள் வீட்டுப் பேனாவில் எந்த எண்ணும் இல்லை. பேட்டரியைக் கழற்றி, இரண்டையும் மின்னணுக் கழிவுப் பெட்டியில் போட்டோம். போட்டது மகன்தான்.

அன்றிரவும் பால்கனியில் நின்றோம். விளக்குகளைச் சிமிட்டியபடி ஒரு விமானம் இறங்கியது.

“அதுல எத்தனை பேர்ப்பா இருப்பாங்க?” என்று கேட்டான்.

“எழுபது பேர் இருக்கலாம். நம்ம பாட்டிகூட பினாங்குல இருந்து அப்படித்தானே வந்தாங்க” என்றேன்.

விமானம் கட்டடங்களுக்குப் பின்னால் மறையும்வரை அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.