விமானங்கள் எங்கே பறக்கும் என்பதைத் தீர்மானிப்பது எது?

ஒரு நகருக்கு விமான சேவை தொடங்கும்போது விழா எடுக்கப்படுகின்றது. அதே சேவை குறைக்கப்படும்போதோ நிறுத்தப்படும்போதோ "நிர்வாகக் காரணங்கள்" என்ற இரு சொற்களுடன் விடயம் முடிந்துவிடுகின்றது. அந்த இரு சொற்களுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஓர் எளிய கணக்கே. எத்தனை விமானங்கள் கையில் உள்ளன, அவை எவ்வளவு பெரியவை, அவற்றை எங்கே பறக்கவிட்டால் நட்டம் குறையும் என்பனவே அக்கணக்கின் அடிப்படைகளாகும்.

முதலில் விமானத்தின் அளவைப் பார்ப்போம். சென்னைக்கும் பலாலிக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 350 கிலோமீற்றர். இத்தகைய குறுகிய பாதையில் 180 ஆசனங்கள் கொண்ட எயார்பஸ் ஏ320 ரக ஜெட் விமானத்தை இயக்கி, அதில் 60 பயணிகள் மட்டுமே ஏறினால் மூன்றில் இரண்டு பங்கு ஆசனங்கள் வெறுமையாகவே பறக்கும். அதே 60 பேர் 78 ஆசனங்கள் கொண்ட ஏ.ரி.ஆர். 72 ரக விமானத்தில் ஏறினால் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நிரம்பிவிடும். சுழல்விசிறி இயந்திரங்களால் இயங்கும் இவ்விமானத்தின் வேகம் குறைவு. ஆயினும் குறுந்தூரத்தில் அவ்வேறுபாடு சில நிமிடங்களே. எரிபொருள் செலவு கணிசமாகக் குறைவதோடு, குறுகிய ஓடுபாதையிலும் இது இறங்கக்கூடியது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது அலையன்ஸ் எயார் நிறுவனமும், 2024 செப்டெம்பரில் இன்டிகோ நிறுவனமும் இந்த ரக விமானத்துடனேயே சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் வந்தன.

அவ்வாறாயின் எல்லா நிறுவனங்களும் சிறிய, பெரிய விமானங்களைக் கலந்து வைத்திருக்கலாமே என்ற கேள்வி எழும். அதற்கும் விலை உண்டு. ஒரு ரக விமானத்தைச் செலுத்தத் தகுதிபெற்ற விமானி, தனிப் பயிற்சியும் அனுமதியும் இன்றி வேறொரு ரகத்தைச் செலுத்த முடியாது. உதிரிப்பாகங்கள், பொறியியலாளர்கள், பராமரிப்பு வசதிகள் அனைத்தும் ரகத்துக்கு ரகம் வேறுபடும். 2006 இல் பறக்கத் தொடங்கிய இன்டிகோ, பதினொரு ஆண்டுகள் ஏ320 குடும்ப விமானங்களை மட்டுமே இயக்கிவிட்டு, 2017 இறுதியிலேயே ஏ.ரி.ஆர். விமானங்களைச் சேர்த்துக்கொண்டது. சிறு நகரங்களை விமானப் பாதைகளால் இணைக்கும் "உடான்" திட்டத்தின் முதல் சேவையை இந்திய அரசு தொடங்கியதும் அதே ஆண்டிலேயே. பாதைகள் உறுதியான பின்னரே புதிய ரகத்தின் செலவைத் தாங்க முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அடுத்தது மாற்று விமானம் பற்றிய பிரச்சினை. நூறு விமானங்கள் வைத்திருக்கும் நிறுவனம் ஐந்தை ஒதுக்கி வைத்தால் அது நூற்றுக்கு ஐந்து. ஐந்து விமானங்கள் வைத்திருக்கும் நிறுவனம் ஒன்றை ஒதுக்கினால் அது ஐந்தில் ஒரு பங்கு. வருமானமின்றித் தரையில் நிற்கும் விமானத்துக்கும் குத்தகைப் பணம் செலுத்தியாக வேண்டும். ஆகவே சிறிய நிறுவனங்கள் பெரும்பாலும் மாற்று விமானம் வைத்திருப்பதில்லை. ஒரு விமானம் பாரிய பராமரிப்புக்காகச் சில வாரங்கள் கொட்டகைக்குள் சென்றாலோ, எதிர்பாராது பழுதடைந்தாலோ, எஞ்சியவற்றை மறுபங்கீடு செய்வதைத் தவிர வழியில்லை. அப்போது முதலில் வெட்டப்படுவது இலாபம் குறைந்த, பயணிகள் குறைந்த பாதையே. ஹஜ் காலம் போன்ற நெரிசல் மிக்க பருவங்களில் நிறுவனங்கள் பிற நாட்டு விமானங்களைப் பணியாளர்களுடன் தற்காலிகமாக வாடகைக்கு எடுப்பதும் இதனாலேயே. ஹஜ் பருவம் ஆண்டுதோறும் பத்து அல்லது பதினொரு நாட்கள் முன்னகர்வதால், அத்திட்டமும் ஒவ்வோராண்டும் புதிதாகவே வரையப்பட வேண்டும்.

பெரிய நிறுவனங்களும் இந்த நெருக்கடிக்கு விதிவிலக்கல்ல. இயந்திரப் பாகங்கள் தயாரிக்கப் பயன்பட்ட உலோகத் தூளில் மாசு கலந்திருந்தமை 2023 இல் வெளியானதைத் தொடர்ந்து, பிரட் அன் விற்னி இயந்திரம் பொருத்திய ஏ320 நியோ குடும்ப விமானங்கள் உலகெங்கும் சோதனைக்காகத் தரையிறக்கப்பட்டன. இன்டிகோவின் ஐம்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் முடங்கின. அது வாடகை விமானங்களைக் கொண்டு சமாளித்தது. மாசு பற்றிய செய்தி வெளிவருவதற்கு முன்னரே, அதே இயந்திரங்களின் கோளாறுகளைக் காரணம் காட்டி, கோ பெர்ஸ்ட் நிறுவனம் 2023 மே மாதத்தில் வங்குரோத்து நடவடிக்கையை நாடியது. நிதிப் பலம் உள்ளவர் தாங்கினார், இல்லாதவர் வீழ்ந்தார்.

திட்டமிடலில் தவறினால் அதன் சுமை யார் மீது விழும் என்பதற்கு நமது நாட்டிலேயே பாடம் உண்டு. ஸ்ரீலங்கன் விமான சேவை 2013 இல் ஆறு ஏ330-300 விமானங்களுக்கும் நான்கு ஏ350-900 விமானங்களுக்கும் எயார்பஸ் நிறுவனத்துடன் உடன்பட்டது. ஏற்கனவே நட்டத்தில் இயங்கிய நிறுவனத்துக்கு இத்தகைய பெரிய விமானங்கள் பொருந்துமா என்ற கேள்வி பின்னரே உரக்க எழுந்தது. 2016 இல் ஏ350 குத்தகைகள் இரத்துச் செய்யப்பட்டபோது, ஒரு நாள்கூடப் பறக்காத விமானங்களுக்காகப் பல கோடி டொலர் நட்டஈடு செலுத்தப்பட்டது. ஊழல் குற்றச்சாட்டுகள் தொடர்பில் 2020 ஜனவரியில் எயார்பஸ் மூன்று நாடுகளின் அதிகாரிகளுடன் ஏறத்தாழ 360 கோடி யூரோவுக்கு இணக்கம் கண்டபோது, பிரித்தானிய நீதிமன்ற ஆவணங்களில் இக்கொள்வனவும் இடம்பெற்றிருந்தது. குத்தகையோ டொலரில், வருமானத்தில் ஒரு பகுதியோ ரூபாவில். 2022 இல் டொலரின் பெறுமதி சில மாதங்களில் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவைத் தாண்டியபோது, இந்த இடைவெளியின் சுமை இறுதியில் பொதுமக்கள் மீதே இறங்கியது.

வடக்கு மக்களுக்கு இக்கணக்கு வெறும் வணிகச் செய்தியன்று. கொவிட் தொற்றினால் 2020 மார்ச்சில் நின்ற பலாலி – சென்னை சேவை, மீண்டும் தொடங்கியது 2022 டிசெம்பரிலேயே. வைத்தியத்துக்குச் செல்பவர்களும் மாணவர்களும் உறவுகளைத் தேடிச் செல்பவர்களும் இடையில் கட்டுநாயக்கவரை வீதியால் பயணிக்க நேர்ந்தது. இப்பாதையில் பறக்க முன்வந்தவை இந்திய நிறுவனங்களாதலால், எந்த விமானத்தை எப்போது வேறிடத்துக்கு மாற்றுவது என்ற தீர்மானமும் கடலுக்கு அப்பாலேயே எடுக்கப்படுகின்றது.

ஆகவே சேவை நிலைக்க வேண்டுமெனில் கோரிக்கை மனுக்கள் மட்டும் போதா. ஓடுபாதை, விமான நிலைய வரி, எரிபொருள் வசதி, பயணப் பொதிகளின் நிறைக் கட்டுப்பாடு என ஆசனங்களை நிரப்பவோ வெறுமையாக்கவோ வல்ல விடயங்கள் அரசின் கையிலும் உள்ளன. கணக்கு சாதகமாக அமையும் பாதையை எந்த நிறுவனமும் எளிதில் கைவிடாது. அந்தக் கணக்கைச் சாதகமாக்குவதே பொறுப்பில் உள்ளவர்கள் செய்ய வேண்டிய பணியாகும்.