இலைக்கு அடியில் – 9: எலுமிச்சைத் தோப்பில் திராட்சைக்குக் காவல்

1880களில் தெற்குக் கலிஃபோர்னியாவின் அனஹைமில் ஜெர்மானியக் குடியேறிகளின் திராட்சைக் கொடிகள் காய்ந்து அழிந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆராய வந்த நியூட்டன் பியர்ஸின் பெயர்தான் பின்னாளில் அந்த நோய்க்கு நிலைத்தது. காரணம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. அது ஒரு பாக்டீரியா என்று தெரியவே 1970கள் ஆயிற்று. சைலெல்லா என்று அதற்குப் பெயர் வைத்தது 1987-ல். வேரிலிருந்து நீர் ஏறும் குழாய்களுக்குள் பெருகி அடைத்துக்கொள்ளும். தண்ணீர் விட்டும் கொடி காயும்.

1990களின் கடைசியில் அதே நோய் தெற்குக் கலிஃபோர்னியாவிலேயே டெமெக்குலா பள்ளத்தாக்கில் வெடித்தது. நோய் பழையது, சுமந்து வந்த பூச்சி புதியது. கண்ணாடிச் சிறகுத் தத்துப்பூச்சி. நம் நெல்லில் துங்ரோ நோயைப் பரப்புகிற பச்சைத் தத்துப்பூச்சிக்குச் சொந்தம்தான், ஆனால் அரை அங்குல நீளம். அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து, நர்சரிச் செடிகளின் இலைகளில் முட்டையாக ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

உள்ளூர்த் தத்துப்பூச்சிகள் இளந்தளிரைத்தான் தேடும். அவை தாமதமாகத் தொற்றவைத்த நோயில் பெரும்பகுதி, குளிர்காலக் கவாத்தில் வெட்டிய கிளையோடு போய்விடும். வந்தேறிப் பூச்சியோ முற்றிய தண்டின் அடிப்பகுதியிலும் ஊசி இறக்கும். அங்கே கத்தி போகாது. வளர்ந்த பூச்சிக்கு ஒருமுறை கிருமி ஏறினால் ஆயுள் முழுக்கப் பரப்பும். நோய் கண்ட கொடிக்கு மருந்தும் இல்லை. ஆகவே பூச்சி எங்கே இருக்கிறது என்று முந்திக்கொண்டு தெரிந்தால்தான் பிழைப்பு.

அதற்குத்தான் மஞ்சள் ஒட்டும் அட்டை. பூச்சியை ஒழிக்க அல்ல, கணக்கெடுக்க. சில வாரம் தொங்கிய அட்டையில் புழுதி, ஈ, தேனீ எல்லாம் அப்பிக் கிடக்கும். ஆய்வாளர் லென்ஸை வைத்துக்கொண்டு பழுப்புத் தலையைத் தேடுவார். தலையில் வெளிர்ப் புள்ளிகள் இருந்தால் இதுதான். நெளிகோடுகள் இருந்தால் அந்த மண்ணுக்கே உரிய பங்காளிப் பூச்சி. அவ்வளவு நுணுக்கமான வேறுபாடு.

அட்டையையே நம்பியிருக்கவும் முடியாது. குளிரில் பூச்சி பறப்பதில்லை, அதனால் சிக்குவதும் இல்லை. சிக்கிய பூச்சியிடம் கிருமி இருக்கிறதா என்பதையும் அட்டை சொல்லாது. எனவே இலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். அடிப்பக்கத் தோலுக்குள் வரிசையாக முட்டைகள், கொப்புளம்போல. மேலே தாய் பூசிய வெள்ளைப் பொடி. நர்சரியிலிருந்து பூச்சியில்லாத மாவட்டங்களுக்குப் போகும் செடிகளை ஏற்றுமிடத்திலும் சோதிக்கிறார்கள், இறக்குமிடத்திலும் சோதிக்கிறார்கள்.

டெமெக்குலாவில் அட்டையை எங்கே கட்டுவது என்பதுதான் பெரிய பாடம். குளிர்காலத்தில் திராட்சை இலை உதிர்த்துவிடும். பூச்சி பக்கத்து எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளில் தங்கிவிடும். வெயில் ஏறியதும் அங்கிருந்து கொடிக்கு வரும். எலுமிச்சைக்காரருக்கு அதனால் பெரிய நட்டமில்லை. பின் அவர் ஏன் கைக்காசு போட்டு மருந்து வைக்க வேண்டும்? நியாயமான கேள்வி. அரசுப் பணத்தில் தோப்புகளுக்கு மருந்து வைத்த பிறகே பூச்சி அடங்கியது. 2001 முதல் ஒயின் திராட்சை விவசாயிகளும் இந்த நோய் ஆராய்ச்சிக்கென விளைச்சல் மதிப்பில் ஒரு பங்கு கட்டி வருகிறார்கள். அயல்தோட்டத்துக்காரரைச் சேர்க்காமல் தன் வேலிக்குள் மட்டும் அட்டை கட்டுவது வீண் வேலை என்பது என் கருத்து.

காவல் இன்னும் ஓயவில்லை. 2021 அக்டோபரில் சொலானோ மாவட்டத்தின் வாக்காவில் ஊரில், குடியிருப்புப் பகுதியில் இந்தப் பூச்சி அகப்பட்டது. உலகப் புகழ் நாபா திராட்சைத் தோட்டங்கள் அடுத்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

அடுத்த வாரம்: இதே சைலெல்லா இத்தாலியின் ஆலிவ் மரங்களில் ஏறிய கதை.

(தொடரும்)